ஆம்பளைக்கும் வரும்

டிரைவர்: கொஞ்சம் தள்ளி உக்காருடா மாப்ள... இப்பிடி உரசிக்கிட்டு உக்காந்தா எல்லாரும் நம்மளயே பாக்குறாங்க.

மச்சினன்: யாரும் நம்மளப் பாக்கல மாமா. டிவியப் பாக்குறாங்க.

டிரைவர்: டிவி அணைஞ்சு கெடக்குடா!

மச்சினன்: அப்ப... சுவரப் பாக்குறாங்க.

டிரைவர்: இருபத்தேழு வருஷமா பஸ் ஓட்டுறேன். அறுபது பேரு பின்னாடி உக்காந்து என் பிடரியப் பாத்துக்கிட்டே வருவாங்க. ஒருநாளும் கூசினதில்ல. இந்த ஆஸ்பத்திரில பதினாலு பொம்பளைங்க... எனக்கு வேர்த்து ஊத்துது.

மச்சினன்: அதுக்குள்ள எண்ணிட்டீங்களா?

டிரைவர்: வேற என்ன பண்ணச் சொல்ற? ஒத்த ஆம்பள இல்ல.

மச்சினன்: அந்த ஓரத்துல கட்டம் போட்ட சட்டை... அவரு ஆம்பளதானே?

டிரைவர்: அவரு பொண்டாட்டிக்குத் துணையா வந்திருக்காரு.

மச்சினன்: அது நமக்கெப்பிடித் தெரியும்? அவரும் உங்களப் பாத்து அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு.

டிரைவர்: இந்தா, இந்தப் பாரத்தப் பாரு. கடைசியா தூரம் ஆன தேதி கேட்டிருக்கான். என்னன்னு எழுத?

மச்சினன்: கோடு போட்டு விட்டுருங்க மாமா.

டிரைவர்: எத்தன கொழந்தைக்குப் பால் குடுத்தேன்னு வேற கேக்குறான்.

மச்சினன்: அதுக்கும் கோடு.

டிரைவர்: சிரிக்கிற நீ.

மச்சினன்: இல்ல மாமா... இருமல்.

டிரைவர்: எந்திரி, போயிருவோம். மார்ல ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி. இதுக்குப் போயி... சீட் பெல்ட்டு சரியா இந்த எடத்துலதான் வந்து அழுத்துது. தினம் எட்டு மணி நேரம். உரசி உரசித் தடிச்சிருக்கும்.

மச்சினன்: உரசினா தோல் தடிக்கும். உள்ள எப்பிடிக் கட்டி வரும்?

டிரைவர்: நீ என்ன டாக்டரா? ஸ்விட்சு மாட்டுறவன்.

மச்சினன்: ஸ்விட்சு மாட்டுறவன்தான். ஆனா ஒயரப் பாத்தே கரண்டு இருக்கா இல்லையான்னு ஒருநாளும் சொன்னதில்ல மாமா. டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.

டிரைவர்: என் ஒடம்பும் உன் ஒயரும் ஒண்ணாடா?

மச்சினன்: பனியன்ல ரத்தப் பொட்டு வந்துச்சா இல்லையா?

டிரைவர்: மெதுவாப் பேசு! ...ரெண்டு தடவ. சரி, மூணு. ஆமா, சட்டைக்குள்ள இருந்த பொட்டு உன் கண்ணுல எப்பிடிடா பட்டுச்சு?

மச்சினன்: அன்னைக்கு டிப்போவுல... பட்டன் தெறந்திருந்துச்சு. விடுங்க.

டிரைவர்: உங்கக்காகிட்ட மூச்சு விடல இல்ல?

மச்சினன்: விடல.

டிரைவர்: தலைவலின்னாலே ரெண்டு நாள் தூங்க மாட்டா. இதெல்லாம் தெரிஞ்சா தாங்க மாட்டாடா. காலை டூட்டின்னு சொல்லிட்டு யூனிபார்ம் மாட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

மச்சினன்: அதான் எல்லாரும் பாக்குறாங்க. வண்டிய எப்ப எடுப்பாருன்னு.

டிரைவர்: உன்ன...! சரி, சொல்லு. உள்ள போனா என்ன பண்ணுவாங்க? எடுத்த எடுப்புல கத்தியத் தூக்கிருவாங்களா?

மச்சினன்: கத்தியெல்லாம் இல்ல. மொதல்ல டாக்டர் கையால தொட்டுப் பாப்பாங்க. அப்புறம் படம். மேமோகிராம் ஒண்ணு, ஸ்கேன் ஒண்ணு. அதுலயும் சந்தேகம் தீரலன்னா ஊசி விட்டு ஒரு துணுக்கு சதைய எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. மூணும் ஒரே பதிலச் சொல்லணும். அப்பத்தான் நம்புவாங்க.

டிரைவர்: ஏன், ஒண்ணு பத்தாதா?

மச்சினன்: கைக்குக் கல்லு மாதிரி இருக்கறது படத்துல வெறும் தண்ணியா இருக்கும். படத்துல பயமுறுத்துறது ஊசியில ஒண்ணுமில்லாமப் போயிரும். இந்தா உக்காந்திருக்காங்களே, இதுல முக்காவாசிப் பேரு சிரிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க.

டிரைவர்: அதாவது... வண்டியில சத்தம் வந்தா மொதல்ல காதக் குடுத்துக் கேக்குறோம். அப்புறம் வண்டிக்கு அடியில இருக்கற குழிக்குள்ள எறங்கி லைட்டு அடிச்சுப் பாக்குறோம். அப்பவும் பிடிபடலன்னா ஆயில எடுத்து வெரல்ல தேச்சு, இரும்புத் தூள் இருக்கான்னு பாக்குறோம்.

மச்சினன்: அதேதான் மாமா!

டிரைவர்: இவ்வளவு வெவரம் உனக்கு எப்பிடிடா தெரியும்?

மச்சினன்: ம்... எங்கூட ஒயரிங் வேலைக்கு வருவாரே, அவரு வீட்டுல...

டிரைவர்: அந்தக் குட்டையனா? அவனுக்குக் கல்யாணமே ஆகலையே.

மச்சினன்: அவரு... அக்காவுக்கு மாமா. எந்திரிங்க, பதினேழாம் நம்பர் கூப்புடுறாங்க. நீங்கதான்.

டிரைவர்: திருமதின்னுல்ல கூப்புட்டாங்க!

மச்சினன்: வாய்ப் பழக்கம். வாங்க, நானும் வர்றேன்.

*

டாக்டர்: உக்காருங்க சார். வெளிய திருமதின்னு கூப்புட்டாங்களாமே, மன்னிச்சுக்குங்க.

டிரைவர்: பரவாயில்லம்மா. நான்தான் எடம் மாறி வந்துட்டேன்னு நெனைக்கிறேன்.

டாக்டர்: சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. ஆம்பளைங்களுக்கும் மார்ல அந்தச் சதை கொஞ்சமா இருக்கு. அபூர்வம்தான், ஆனா ஆம்பளைக்கும் வரும். வர்றதவிட, வெக்கப்பட்டுக்கிட்டு லேட்டா வர்றாங்களே, அதுதான் எங்களுக்குக் கவலை. எத்தன நாளா இருக்கு?

டிரைவர்: ஒரு... மாசமா.

மச்சினன்: மாமா.

டிரைவர்: நாலு மாசம் இருக்கும்.

மச்சினன்: மாமா...

டிரைவர்: ஆறு! ஆறு மாசம்மா. போதுமாடா?

டாக்டர்: வலி இருக்கா?

டிரைவர்: துளிகூட இல்ல. அதான் அசால்ட்டா விட்டுட்டேன்.

டாக்டர்: வலிக்கலன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல சார். ரத்தப் பொட்டு? காம்புலேர்ந்தா?

டிரைவர்: ஆமாம்மா.

டாக்டர்: என்னென்ன மாத்திரை சாப்புடுறீங்க?

டிரைவர்: பிரஷருக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

டாக்டர்: ரத்த சொந்தத்துல யாருக்காவது இப்பிடி வந்திருக்கா?

டிரைவர்: எங்க சின்னம்மா. எங்கம்மாவோட தங்கச்சி. மார்ல கட்டி வந்து... நாப்பது வயசுல போயிட்டாங்க. ஆனா அவங்க பொம்பளைங்க, எனக்கெப்பிடி...

டாக்டர்: அம்மா வழியாவும் வரும், அப்பா வழியாவும் வரும். ஆணா பொண்ணான்னு கேட்டுட்டு வராது. நல்லவேளை, இதச் சொன்னீங்க. சட்டையக் கழட்டிட்டுப் படுங்க. கையத் தலைக்கு மேல வைங்க.

டிரைவர்: உங்க கை சில்லுன்னு இருக்கும்மா.

டாக்டர்: மொதல்ல நல்ல பக்கம், அப்புறம் கட்டி இருக்கற பக்கம். அக்குளும் பாக்கணும்.

டிரைவர்: ஐயோ... ஹி ஹி... அம்மா... ஹி...

மச்சினன்: அக்குள்ல அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி டாக்டர்.

டாக்டர்: சிரிங்க, ஆனா ஆடாதீங்க... ம். சட்டையப் போட்டுக்கலாம்.

டிரைவர்: எதுவா இருந்தாலும் சொல்லிருங்கம்மா.

டாக்டர்: கட்டி இருக்கு, கெட்டியா இருக்கு. அதுக்கு மேல என் வெரலுக்குத் தெரியாது சார். உங்க வயசுல சில பேருக்கு மார்ல சும்மா சதை வளரும், ஒண்ணும் பண்ணாது. அதுவா, வேறயான்னு படம் பாத்தாத்தான் தெரியும். இன்னைக்கே மேமோகிராம், ஸ்கேன் ரெண்டையும் எடுத்துருவோம்.

*

மச்சினன்: என்ன மாமா, மூஞ்சி இப்பிடித் தொங்கிப் போச்சு?

டிரைவர்: அந்த மேமோகிராம் மிஷின் இருக்கே... ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அமுக்குறாங்கடா. எங்கிட்ட எங்க இருக்கு வைக்கிறதுக்கு? அந்தப் பொண்ணு இங்கேர்ந்து கொஞ்சம், அங்கேர்ந்து கொஞ்சம்னு இழுத்து, சேத்து... மூச்சப் புடிச்சுக்கங்க சார்னுச்சு. எனக்கு மூச்சே வரல, எதப் புடிக்கிறது!

மச்சினன்: ஹா ஹா... ஐயோ மாமா...

டிரைவர்: சிரி, நல்லாச் சிரி. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பொண்ணு ஒரு தடவகூட சிரிக்கல. மொகம் சுளிக்கல. கதவ நல்லாச் சாத்திட்டு, மேல துணியப் போத்தி விட்டு, வலிச்சா சொல்லுங்கன்னு கேட்டுக் கேட்டுச் செஞ்சுச்சு. என் மக வயசுதான் இருக்கும். மகராசி நல்லா இருக்கணும்.

மச்சினன்: ஸ்கேன்?

டிரைவர்: அது சொகந்தான். பசை மாதிரி எதையோ தடவிட்டு, இஸ்திரி போடுற மாதிரி தேச்சாங்க. ஆனா... ஒரு எடத்துல நின்னுருச்சுடா. போகும், திரும்பி அங்கயே வரும். அப்புறம் வெளிய போயி இன்னொருத்தரக் கூட்டியாந்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. நான் அந்த ரெண்டு மூஞ்சியயும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே கெடந்தேன்.

மச்சினன்: அளவெடுத்திருப்பாங்க மாமா. எல்லாருக்கும் அப்பிடித்தான், ரெண்டு பேரு பாப்பாங்க.

டிரைவர்: எல்லாருக்குமா? நீ எங்க...

மச்சினன்: அடுத்து ஊசியா?

டிரைவர்: ம். பத்து நிமிஷத்துல கூப்புடுறாங்களாம். நீயும் வர்றியா?

மச்சினன்: ரத்தத்தப் பாத்தா எனக்கு...

டிரைவர்: தெரியும்டா. நீ சுவரப் பாத்து நில்லு. கைய மட்டும் எங்கிட்ட குடுத்துரு.

*

டாக்டர்: மரத்துப் போச்சா? இங்க தொட்டா தெரியுதா?

டிரைவர்: யாரோ யாரையோ தொடுற மாதிரி இருக்கும்மா.

டாக்டர்: நல்லது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசிய சரியா கட்டிக்குள்ள விடுவேன். டக்குன்னு சத்தம் கேக்கும். ஆடக்கூடாது.

டிரைவர்: ஓடுற வண்டியில டயரு வெடிச்சப்பவே ஸ்டீயரிங்க விடாதவன் நான். நீங்க தைரியமாச் செய்ங்க.

டாக்டர்: ஒண்ணு.

டிரைவர்: அவ்வளவுதானா?

டாக்டர்: இன்னும் மூணு எடுக்கணும். ஒரே எடத்துல எடுத்தா முழுசாத் தெரியாது. ...ரெண்டு.

டிரைவர்: மாப்ள, கைய நசுக்காத. எலும்பு நொறுங்குது.

டாக்டர்: அவர உக்கார வைங்க. வெளுத்துட்டாரு.

டிரைவர்: டேய்! ஊசி எனக்குடா!

மச்சினன்: எனக்கு... ஒண்ணும் இல்ல மாமா... கொஞ்சம் கண்ணு இருட்டிக்கிட்டு...

டாக்டர்: மூணு... நாலு. முடிஞ்சுது. அமுக்கிப் புடிச்சுக்கங்க, கொஞ்சம் கன்னிப் போகும், சரியாயிரும். இந்தத் துணுக்க மெலிசாச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்ல வச்சு இன்னொரு டாக்டர் பாப்பாரு. ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள போன்ல தேடிப் படிச்சு மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

டிரைவர்: என் போன்ல பேச மட்டுந்தான்மா முடியும்.

டாக்டர்: ரொம்ப நல்லது. அடுத்த வாரம் வரும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க.

டிரைவர்: அவளுக்கு... வேல இருக்கும்மா.

*

மச்சினன்: டீ ஆறுது மாமா. மூணு நாளா டிப்போவுல யாருகூடயும் பேசலையாமே?

டிரைவர்: என்ன பேச? ...நேத்து ஒரு ஸ்டாப்ப விட்டுட்டேன்டா. இருபத்தேழு வருஷத்துல மொதத் தடவ. ஒரு அம்மா பின்னாடிலேர்ந்து கத்தின கத்துல பிரேக்க மிதிச்சேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மச்சினன்: லீவு போடுங்களேன்.

டிரைவர்: லீவு போட்டா வீட்டுல இருக்கணும். வீட்டுல இருந்தா அவ மூஞ்சியப் பாக்கணும். ...அவளுக்கும் ஏதோ சரியில்லடா.

மச்சினன்: அக்காவுக்கா? என்ன?

டிரைவர்: மூணு நாளா என்னத் திட்டவே இல்ல.

மச்சினன்: ஓ...

டிரைவர்: ஈரத் துண்டக் கட்டில்ல போட்டேன். எடுத்துக் காயப் போட்டுட்டுப் போயிட்டா. ஒரு சொல்லு சொல்லல. ஒடம்புக்கு முடியலையோ என்னவோ. நீ ஒரு தடவ கேட்டுப் பாரேன்.

மச்சினன்: ...கேக்குறேன் மாமா.

டிரைவர்: எங்க சின்னம்மா நெனப்பாவே இருக்குடா. முந்தானைய இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டு இருப்பாங்க. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. யாருகிட்டயும் காட்டல, யாரும் கேக்கல. தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அன்னைக்கு இப்பிடி மூணு வழி இருந்துச்சோ இல்லையோ... இருந்திருந்தாலும் கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும்ல? எனக்கு நீ இருந்த.

மச்சினன்: குடிங்க மாமா, ஆறிப்போச்சு.

*

டிரைவர்: சுத்தி வளைக்காமச் சொல்லிருங்கம்மா. ஒரு வாரமா பாதி ராத்திரி முழிச்சே கெடக்குறேன்.

டாக்டர்: கை, படம், ஊசி, மூணும் ஒரே பதிலத்தான் சொல்லுது சார். கேன்சர்தான்.

மச்சினன்: மாமா...

டிரைவர்: இரு. ...நீங்க சொல்லுங்கம்மா. கேட்டுக்குறேன்.

டாக்டர்: ஒண்ணரை சென்டிமீட்டர்கூட இல்ல. அக்குள்ல இருக்கற நெறி, அதான் இந்த நோய் மொதல்ல பரவுற சின்னச் சின்ன முடிச்சு, எல்லாம் ஸ்கேன்ல சுத்தமாத் தெரியுது. ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்துரலாம். அப்ப ஒண்ணு ரெண்டு நெறியையும் எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்குவோம். அப்புறம் சில வருஷத்துக்கு மாத்திரை, உங்க கட்டி அதுக்குக் கட்டுப்படுற வகைதான்னு லேபுல சொல்லியிருக்காங்க. வேற ஏதும் வேணுமான்னு ஆபரேஷனுக்கப்புறம் பேசுவோம்.

டிரைவர்: அப்ப... பொழச்சுக்குவேனா?

டாக்டர்: அந்த நம்பிக்கையிலதான் பேசிக்கிட்டிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா இப்பிடிப் பேசியிருக்க முடியாது சார்.

டிரைவர்: வண்டி ஓட்டலாமா?

டாக்டர்: புண்ணு ஆறி, கை நல்லாத் தூக்க வந்ததும் தாராளமா ஓட்டலாம். இன்னொண்ணு. உங்க சின்னம்மாவுக்கும் இருந்ததால ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிருவோம். குடும்பத்துல வழிவழியா வர்றதான்னு தெரிஞ்சா, உங்க மக முன்கூட்டியே ஜாக்கிரதையா இருக்கலாம்.

டிரைவர்: அவளுக்கு உதவும்னா எவ்வளவு ரத்தம் வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா. ...உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. கெட்ட சேதியத்தான் சொன்னீங்க, ஆனா கையெடுத்துக் கும்புடணும்னு தோணுது.

டாக்டர்: கும்புடுறதெல்லாம் வேண்டாம். வீட்டுல சொல்லுங்க. இன்னைக்கே.

*

மச்சினன்: இங்க உக்காருங்க மாமா. தண்ணி குடிங்க.

டிரைவர்: மாப்ள... உன் கால்ல விழணும்டா.

மச்சினன்: என்ன பேச்சு மாமா இது!

டிரைவர்: இல்லடா. பெல்ட்டு உரசுது, சட்டை உரசுதுன்னே இன்னும் ஒரு வருஷத்த ஓட்டியிருப்பேன். டிப்போவுக்கு வந்து, எல்லாரும் பாக்க எங்கூட மல்லுக்கட்டி, பொழப்பப் போட்டுட்டு என்ன இழுத்துக்கிட்டு அலையுற. மயக்கம் வந்தும் என் கைய விடல. கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான்.

மச்சினன்: எனக்கு நன்றி சொல்லாதீங்க மாமா.

டிரைவர்: ஏன், சொன்னா என்ன?

மச்சினன்: ...எனக்கு ஒருமாதிரி இருக்கு. மொதல்ல அக்காவுக்குப் போன் போடுங்க.

டிரைவர்: என்னன்னுடா ஆரம்பிப்பேன்? ஒடஞ்சு போயிருவாடா.

மச்சினன்: உங்களுக்கு அக்காவ இருபத்திநாலு வருஷமாத் தெரியும். எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். போடுங்க.

டிரைவர்: ...மணி அடிக்குது. எடுத்துட்டா. ...நான்தான்.

மனைவி: சொல்லுங்க.

டிரைவர்: எங்க இருக்க? மூச்சு வாங்குதே...

மனைவி: வெளிய வந்தேன். நீங்க சொல்லுங்க.

டிரைவர்: நான்... டூட்டில இல்ல. ஆஸ்பத்திரில இருக்கேன். பயப்படாத! உன் தம்பி பக்கத்துலதான் இருக்கான். எனக்கு... மார்ல ஒரு கட்டி. தொட்டுப் பாத்தாங்க, படம் எடுத்தாங்க, ஊசி விட்டுப் பாத்தாங்க. கேன்சர்தான்னுட்டாங்க. சின்னதுதான், ஆரம்பந்தான், எடுத்துரலாமாம். உங்கிட்ட மறைச்சது தப்புதான். திட்டு. என்ன வேணாலும் திட்டு, பேசாம மட்டும் இருக்காத. உன் தம்பி மட்டும் பாக்காம விட்டிருந்தா நான் இங்க எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்... ஹலோ? இருக்கியா?

மனைவி: இருக்கேங்க... அழுகையும் சிரிப்பும் சேந்து வருது, அதான். உங்க துணியத் துவைக்கிறது அவனா நானா? நான் கூப்புட்டா சண்டை போட்டுட்டு டூட்டிக்குக் கெளம்பிருவீங்கன்னுதான் அவன டிப்போவுக்கு அனுப்புனேன். அவன ஒண்ணும் கேக்காதீங்க, போன வருஷம் எங்கூட இதே மூணு டெஸ்டுக்கும் வந்து எல்லாத்தையும் கத்துக்கிட்டவன் அவன். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. வெறும் நீர்க்கட்டின்னு சொன்ன அன்னைக்குக்கூட, பக்கத்துல நீங்க இல்லையேன்னுதான் அழுதேன்... எந்திரிக்காதீங்க, அங்கயே உக்காந்திருங்க. லிஃப்டுக்குக் காத்திருக்க முடியல, படியேறி வந்துக்கிட்டே இருக்கேன்.